பத்து வருடத் தலைநகரம்

நாகாவோகாக்யோ, யப்பான்
2 செப்டெம்பர் 2024

அக்கா,

சுகம் கேட்டுத் தொடங்கினால் பொய்யாகிவிடும். பதினான்கு வருடமாக நாங்கள் ஒருவரையொருவர் கேட்காத சுகம் அது. மல்வேர்ன் வீட்டு விலாசம் மாறியிருக்காது என்று நம்பி எழுதுகிறேன்.

அப்பாவின் மரண அறிவித்தலை இணையத்தில் பார்த்தேன். வேலைத்தலத்தில், மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். ‘மன்னார் பேசாலையைப் பிறப்பிடமாகவும், கனடா ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட மரியாம்பிள்ளை அகஸ்ரின் அவர்கள்’ என்று தொடங்கியது. ‘காலஞ்சென்ற மரியோ, வேரோனிக்கா ஆகியோரின் பாசமிகு தந்தையும்’ என்று எழுதிவிட்டு, நேரே மருமகன் ஜூலியசுக்கும் பேத்தி ஸ்டெபனிக்கும் போய்விட்டீர்கள். சம்பந்தியின் பெயர்கூட இருந்தது. என்னைக் காணவில்லை. தவறி விடுபட்டிருக்கும் என்று நினைத்து மூன்று நாள் காத்திருந்தேன். இரண்டாம் நாள் ஒரு சகலனின் பெயரைத் திருத்திப் போட்டிருந்தீர்கள். என் பெயரைப் போடவில்லை.

அப்போதே எழுதாமல் ஆறு மாதம் கழித்து ஏன் எழுதுகிறேன் என்றால், வருகிற பெப்ரவரியில் ஓராண்டுத் திருப்பலி வரும், அதற்கு நினைவு மலர் அடிப்பீர்கள். அதில் உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர் வரவேண்டும். இதைத்தான் கேட்கிறேன், வேறொன்றும் இல்லை.

இங்கே வந்த புதிதில் ஆங்கிலம் படிப்பித்தேன், இப்போது அது இல்லை. அகழாய்வு செய்யும் ஒரு சிறு கம்பனியில் அளவெடுத்துப் படம் கீறுகிறேன். இந்த ஊரில் எங்கள் ஆட்கள் தோண்டிப் பார்க்காமல் யாரும் வீட்டுக்கு அத்திவாரம் போட முடியாது. கீழே ஒரு பழைய தலைநகரம் கிடக்கிறது. பத்தே பத்து வருடம் இருந்த தலைநகரம்.

இவர்களுடைய தலைநகரங்களின் கதை வேடிக்கையானது. ஆதியில், அசுகா என்ற பக்கத்தில், அரசர் இறந்தால் அந்த அரண்மனையை விட்டுவிட்டு அடுத்தவர் வேறோர் இடத்தில் கட்டிக்கொள்வார். சாவுத் தீட்டு என்கிறார்கள் சிலர். மரத்தூண் உக்கிப்போயிருக்கும் என்கிறார்கள் சிலர். எதுவோ, ஒருவர் செத்த வீட்டில் மற்றவர் ஆட்சி செய்யவில்லை. நீங்கள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறீர்களா?

உன் போன் நம்பரையும் அனுப்பு.

ஜஸ்ரின்


மல்வேர்ன், ஸ்காபரோ
21 செப்டெம்பர் 2024

தம்பி ஜஸ்ரின்,

கடிதம் கிடைத்தது. கையெழுத்தைக் கண்டவுடனே தெரிந்தது. உடனே உடைக்கவில்லை. வேலைக்குப் போய் வந்துதான் உடைத்தேன்.

உன் பெயர் தவறி விடுபடவில்லை. அப்பா சொல்லித்தான் விட்டோம். வைத்தியசாலையில் என்னையும் றிச்சர்ட் சித்தப்பாவையும் பக்கத்தில் கூப்பிட்டு, “அவன்ரை பேரைப் போட்டால் என்ரை பெட்டி குழிக்குள்ள இறங்காது, சொல்லிப்போட்டன்” என்றார். அந்தளவு தெளிவாக அவர் கதைத்துப் பல மாதமாகியிருந்தது. சாகிற மனிதனிடம் சட்டம் பேசலாமா? நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்கலாம். ஆனால் நீ இருக்கவில்லை.

அதையும் சொல்லத்தான் வேண்டும். பாரிசவாதம் வந்து ஏழு வருடம் அப்பா என் கையில் இருந்தார். காலையில் முதியோர் இல்லத்தில் பிறத்தியாருடைய தகப்பன்மாரைக் குளிப்பாட்டுவேன். பின்னேரம் வந்து என் தகப்பனைக் குளிப்பாட்டுவேன். முதுகு போய்விட்டது. நீ அங்கே மண்ணைக் கிண்டி யாரோ ஒரு ராசா எங்கே படுத்தான் என்று பார்த்துக்கொண்டிருந்தாய். கோபிக்காதே, வாயில் வந்ததை எழுதுகிறேன்.

மலர் வேலையைச் சித்தப்பாதான் பார்க்கிறார். உனக்குத் தெரியும், அவர் எடுத்தால் யாரையும் தொடவிட மாட்டார். கேட்டுப் பார்க்கிறேன். உறுதி சொல்லமாட்டேன்.

ஓராண்டு முடிந்ததும் பிக்கரிங்குக்குப் போகிறோம். ஜூலியஸ் அங்கே ஒரு வீடு பார்த்துவிட்டார். உன்னுடைய அசுகா ஆட்கள் மாதிரித்தான் என்று வை. அவர்களுக்குச் சோபாவும் குளிர்சாதனப் பெட்டியும் இருந்திருந்தால் அப்படி நினைத்த நேரம் கிளம்பியிருக்க மாட்டார்கள்.

போன் நம்பர் தரமாட்டேன். உன் குரலைக் கேட்டால் எனக்கு ஒன்றும் வராது. எழுதினால் நாலு வரியாவது வருகிறது.

வேரோனிக்கா


நாகாவோகாக்யோ
8 ஒக்டோபர் 2024

அக்கா,

ஏழு வருடம் நீ பட்டது உண்மை. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ‘நீ இருக்கவில்லை’ என்று நீ எழுதலாமா? அந்த வசனத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது.

நீ மறந்திருப்பாய் என்று நினைத்து இதை எழுதவில்லை. ஒரு தரமாவது ஒரு தாளில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

2010 ஜனவரி. உறைமழை பெய்த பின்னேரம். நான் பிக்கரிங்கில் சாமான் கிடங்கில் வேலையில் நின்றேன். அப்பா வேண்டாம் என்று சொல்லியிருந்த ஜூலியஸைப் பார்க்க நீயும் பிக்கரிங்குக்குத்தான் வந்திருந்தாய். உன் போனை அப்பா எடுத்துப் பார்ப்பார் என்பதால் காலையிலேயே என் போனை வாங்கிக்கொண்டு போயிருந்தாய். பஸ் எல்லாம் நின்றுபோனது. ஆறு மணிக்கு நீ அண்ணாவைக் கூப்பிட்டு, அப்பா வருமுன் என்னை வீட்டில் கொண்டுபோய் விடு என்றாய். மரியோ அண்ணா வந்து சேரவில்லை. நெடுஞ்சாலையில் லொறிக்குக் கீழே அவருடைய கார் கிடந்தது. அவருடைய போனில் கடைசியாக வந்த அழைப்பு ‘ஜஸ்ரின்’.

வைத்தியசாலை நடையில் வைத்து அப்பா கேட்டார்: “பஸ்சில வரப் பஞ்சிப்பட்டு அண்ணனைக் கொண்டுபோட்டியேடா?” நான் உன்னைப் பார்த்தேன். நீ நிலத்தைப் பார்த்தாய்.

நான் ஏதோ தியாகம் செய்ததாக நீ நினைத்து வைத்திருந்தால், அப்படி இல்லை அக்கா. நான் உன்னைக் காப்பாற்றவில்லை. நீ சொல்வாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குச் சொல்ல ஏலாமல் இருக்கும், நாளைக்குச் சொல்வாள் என்று நினைத்தேன். அடக்கம் முடிந்தது. முப்பத்தோராம் நாள் முடிந்தது. அப்பா என் உடுப்புகளைக் கறுப்புக் குப்பைப் பையில் போட்டு வாசலில் வைத்தார். அந்தப் பையைக் கட்டியது நீ.

இனி என் வேலைத்தலத்துக் கதை. அசுகாவுக்குப் பிறகு புஜிவாரா என்ற இடத்தில் நேர்நேர் தெருக்களோடு ஒரு நகரம் கட்டினார்கள். பதினாறு வருடந்தான் இருந்தது. பிறகு நாரா. நாராவிலிருந்தும் ஓர் அரசர் ஐந்து வருடம் அங்கும் இங்குமாகத் தலைநகரத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்துவிட்டு நாராவுக்கே திரும்பி வந்தார். அதற்கும் நாற்பது வருடம் கழித்து, 784இல், கம்மு என்ற அரசர் இங்கே, நாகாவோகாவுக்கு வந்தார். பழைய அரண்மனை ஒன்றைக் கழற்றி, ஆற்று வழியாகக் கொண்டுவந்து பூட்டினார்கள். அடுத்த வருடமே, கட்டட வேலைக்குப் பொறுப்பான பெரிய அதிகாரியை யாரோ அம்பெய்து கொன்றார்கள். பழி அரசருடைய சொந்தத் தம்பி மேல் விழுந்தது. சவாரா என்று பெயர். அடுத்த பட்டத்துக்கு உரியவன். ஒரு கோயிலில் அடைத்தார்கள். நான் செய்யவில்லை என்று சொல்லிச் சாப்பிடாமல் கிடந்தான். தீவொன்றுக்கு நாடு கடத்தும் வழியில் உயிர் போய்விட்டது. பிணத்தையும் திருப்பிக் கொண்டுவரவில்லை. தீர்ப்பு நாடு கடத்தல் அல்லவா, பிணத்தைத் தீவுக்கே கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

அவனை அடைத்து வைத்த கோயில் என் அறையிலிருந்து நடக்கிற தூரம். வைகாசியில் பெரிய பெரிய பூக்கள் பூக்கும். சனம் படம் எடுக்க வரும். நானும் போவேன், பூப் பார்க்க அல்ல.

ஜஸ்ரின்


மல்வேர்ன்
29 ஒக்டோபர் 2024

ஜஸ்ரின்,

பையைக் கட்டியது நான்தான். உன் நீலக் குளிர்ச்சட்டையை மேலே வைத்துக் கட்டினேன், வெளியே போனதும் எடுத்துப் போடுவாய் என்று. இப்படிச் சின்னச் சின்னதாகச் செய்தால் பெரியதைச் செய்யாமல் விடலாம் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பில்தான் இவ்வளவு காலமும் ஓடியது.

நீ எழுதியதில் ஒரு எழுத்தும் பிழை இல்லை. ஜூலியசுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் எழும்பிப்போய்க் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார்.

ஏன் சொல்லவில்லை என்றால், பயம். முதலில் அப்பாவுக்குப் பயம். ஆறு மாதம் கழித்து அவரே வந்து ஜூலியஸைக் கட்டு என்றார். இருந்த ஒரு பிள்ளையையும் இழக்கக்கூடாது என்று நினைத்திருப்பார். அந்த நேரம் எப்படிச் சொல்வது? பிறகு ஸ்டெபனி பிறந்தாள். பிறகு அவருக்கு வாதம் வந்தது. சொன்னால் ஆளே போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருக்குக் கஞ்சி பருக்கும்போது சில நாள் உன்னைத் திட்டுவார். நான் கரண்டியோடு இருப்பேன். வாயைத் துடைத்துவிட்டு அடுத்த கரண்டி கொடுப்பேன். அவ்வளவுதான் நான்.

உன் சவாராவின் கதையில் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அவன் செய்யவில்லை என்று தெரிந்தவர்கள் அந்த அரண்மனையில் யாராவது இருந்திருப்பார்கள்தானே? அவர்கள் என்ன செய்தார்கள்? அவர்களுக்கு என்ன நடந்தது?

சித்தப்பாவோடு கதைத்தேன். முதலில் துள்ளினார். பிறகு இறங்கி வந்தார். பிள்ளைகள் வரியில் ‘ஜஸ்ரின் (யப்பான்)’ என்று போடச் சம்மதித்துவிட்டார். மற்றதைப் பற்றி இப்போது ஒன்றும் கிளற வேண்டாம். பெயர் வந்தால் போதும் என்றுதானே முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய்? பெயர் வரும். திருப்பலி பெப்ரவரி பதினாறு, ஞாயிறு. வரப்பார். ஸ்டெபனி உன்னைக் காணவேண்டும் என்று நிற்கிறாள்.

அக்கா


நாகாவோகாக்யோ
11 நவம்பர் 2024

அக்கா,

உன் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். தெரிந்தவர்களைப் பற்றி ஏடுகளில் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால், அவர்கள் பதவியிலேயே இருந்திருப்பார்கள். புதிய தலைநகரத்தில் அவர்களுக்கு நல்ல தெருவில் நிலம் கிடைத்திருக்கும்.

இதை எழுதிவிட்டுக் கிழிக்க நினைத்தேன். கிழிக்கவில்லை. என் மனதில் இருப்பது அதுதான்.

பிறகு நடந்ததையும் கேள். அரசரின் மனைவி செத்தாள், தாய் செத்தாள், பட்டத்துப் பிள்ளை வருத்தம் வந்து படுத்தான், ஆறு பெருகி ஊருக்குள் வந்தது. எல்லாம் தம்பியின் கோபம் என்று குறி சொன்னார்கள். பத்து வருடத்தில் ஊரைக் கட்டித் தூக்கிக்கொண்டு பக்கத்தில் போய்க் கியோத்தோவைக் கட்டினார்கள். ஆயிரம் வருடத்துக்கு மேல் அசையாத தலைநகரம். இடையில் ஒரு பெரும் பிரபு புகுஹாரா என்ற துறைமுகத்துக்கு அதைக் கொண்டுபோய்ப் பார்த்தான், ஆறு மாதத்தில் திரும்பிவிட்டது. கியோத்தோவின் அழகைப் பார்க்க உலகமே வருகிறது. அது தம்பிக்குப் பயந்து ஓடிப்போய்க் கட்டிய ஊர் என்று பலருக்குத் தெரியாது. நாகாவோகா எங்கே இருந்தது என்பதே மறந்துபோய், எழுபது வருடத்துக்கு முன் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தோண்டிக் காட்டினார்.

சவாரா செத்துப் பதினைந்து வருடம் கழித்து அண்ணன் அவனுக்கு ‘அரசர்’ என்று பட்டம் கொடுத்தான். இறந்தவனுக்கு. அதைப் பெரிய நியாயம் மாதிரி இங்கே விளக்கப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் நின்று யோசித்தேன். கோபிக்காதே, கெஞ்சுகிறேன் என்று சொல்லுகிற பட்டம் அது. அந்தப் பட்டத்துக்குப் பின்னால் அவர்களுடைய பயம்தான் இருக்கிறது.

அக்கா, நான் முதலில் கேட்டது பிழை. பெயர் போடவேண்டாம். பெயரை மட்டும் போட்டால் சனம் எப்படி வாசிக்கும்? தகப்பன் கடைசியில் மன்னித்துவிட்டார் என்று வாசிக்கும். மன்னிப்பு என்றால் நான் செய்தேன் என்று ஆகிவிடும். விடுபட்ட பெயராவது ஒரு கேள்வியாக இருக்கிறது. மன்னிக்கப்பட்ட பெயர் முடிந்த கதை. அண்ணாவை நான் கூப்பிடவில்லை என்று நீ சொல்வதானால் சொல். சொல்ல ஏலாவிட்டால் என்னை வெளியே விட்டுவிடு. அங்கே நிற்க எனக்குப் பழகிவிட்டது.

சொல்வதானால் மட்டும் விமான ரிக்கற் போடுவேன்.

ஜஸ்ரின்


மல்வேர்ன்
9 டிசெம்பர் 2024

ஜஸ்ரின்,

உன் பதில் இன்னும் வரவில்லை. இங்கே நாடு முழுக்கத் தபால்காரர் வேலைநிறுத்தம், ஒரு மாதமாகப் போகிறது. உன் கடிதம் எங்காவது மூட்டைக்குள் கிடக்கும், அல்லது நீ கோபத்தில் எழுதவில்லை. எது என்று தெரியாமல் இருக்கிறேன். இதையும் எழுதி வைக்கிறேன், தபால் திறந்ததும் போடுவேன்.

நேற்றுச் சித்தப்பா மலரின் மாதிரியோடு வந்தார். அட்டையில் அப்பா, பின்னுக்குப் பேசாலை மாதா கோயில். சொன்னபடி உன் பெயர் இருக்கிறது. ஆனால் வாழ்க்கை வரலாற்றில் அவர் ஒரு பந்தி சேர்த்திருக்கிறார். ‘வழி தவறிய இளைய மகனையும் தன் இறுதி நாட்களில் மனதார மன்னித்து ஏற்றுக்கொண்ட ஒப்பற்ற தந்தை’ என்று.

“அப்பா அப்படிச் சொல்லேல்லையே சித்தப்பா” என்றேன்.

“சொல்லேல்லைத்தான். ஆனால் பேரைப் போட்டால் சனம் கேக்கும், பிள்ளை. அதுக்கு ஒரு விளக்கம் வேணுமெல்லே. வேதத்தில வாற ஊதாரி மைந்தன் உவமை எங்கடை குடும்பத்திலயே நடந்த மாதிரி இருக்கும். பாதரிட்டையும் சொல்லிப்போட்டன், அண்டைக்குப் பிரசங்கமும் அதுதான்.”

அவர் சந்தோஷமாக இருந்தார், ஜஸ்ரின். உனக்கு நல்லது செய்ததாகவே நினைக்கிறார். “உவன் வந்தானெண்டால் கட்டிப் பிடிச்சு ஒரு படம் எடுப்பம்” என்றார். அந்த நேரம் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன். “தேத்தண்ணி குடிக்கிறியளோ” என்று வந்தது. அவர் குடித்துவிட்டுப் போனார். ஜனவரி பத்தாம் தேதி அச்சுக்குப் போகிறது.

உனக்கு இது பிடிக்காது என்று தெரியும். ஆனால் பெயர் வந்துவிட்டதே என்று ஒரு பக்கம் ஆறுதலாகவும் இருக்கிறது. இரண்டையும் எழுதுகிறேன்.

அக்கா

20 டிசெம்பர்: தபால் திறந்துவிட்டார்கள். இன்று போடுகிறேன். உன் கடிதம் இன்னும் இல்லை.


நாகாவோகாக்யோ
9 ஜனவரி 2025

வேரோனிக்கா அக்கா,

உன் கடிதம் இன்று வந்தது. நாளைக்கு அச்சுக்குப் போகிறது என்றால் நான் என்ன எழுதியும் ஒன்றும் ஆகாது. நவம்பரில் நான் எழுதியது உனக்குக் கிடைத்ததா என்றும் தெரியாது. கிடைத்தால் வாசி.

ஊதாரி மைந்தன் தகப்பனின் சொத்தை அழித்தவன். தான் செய்தது தெரிந்து திரும்பி வந்தவன். நான் யாரிடம் எதைச் சொல்லித் திரும்பி வருவது?

தலைநகரங்களில் ஒன்று பாக்கி இருக்கிறது, அதையும் எழுதி முடிக்கிறேன். 1868இல் எடோ என்ற ஊருக்கு டோக்கியோ என்று பெயர் மாற்றி, அரசர் அங்கே போனார். கியோத்தோச் சனம் அழுதது. ஒரு தரம் திரும்பி வந்தார். அடுத்த வருடம் மறுபடி போனார், பிறகு அங்கேயே இருந்துவிட்டார். தலைநகரம் மாறிவிட்டது என்று அப்போது ஓர் ஆணையும் போடவில்லை. கியோத்தோவில் வயதானவர்கள் இன்றைக்கும் பகிடியாகச் சொல்வார்கள், அவர் பயணம் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று. நான் முதலில் இதைக் கேட்டபோது சிரித்தேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. மல்வேர்ன் வாசலில் குப்பைப் பையோடு நின்று நானும் “போயிட்டு வாறன்” என்றுதான் சொன்னேன். அப்பா கதவைச் சாத்தினார். ஆனாலும் இவ்வளவு காலம் அது ஒரு பயணம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி அப்படி நினைக்கமாட்டேன். பெப்ரவரிக்கு வரவில்லை. பதில் வேண்டாம்.

ஸ்டெபனிக்கு என் அன்பைச் சொல். அவள் பிழை ஒன்றும் இல்லை.

ஜஸ்ரின்


மல்வேர்ன்
2 மார்ச் 2025

ஜஸ்ரின்,

பதில் வேண்டாம் என்றாய். இது பதில் அல்ல. நடந்ததைச் சொல்கிறேன்.

உன் நவம்பர்க் கடிதம் ஜனவரி இருபதாம் தேதி வந்தது. மலர் அடித்து முந்நூறு புத்தகமும் பெட்டியில் எங்கள் வீட்டு நடையில் இருந்தது. பெட்டிகளுக்கு மேல் இருந்துதான் வாசித்தேன். ‘தெரிந்தவர்களுக்கு நல்ல தெருவில் நிலம் கிடைத்திருக்கும்’ என்று எழுதியிருந்தாய். முதல் நாள்தான் பிக்கரிங் வீட்டுத் திறப்புக் கோர்வை எங்கள் கைக்கு வந்திருந்தது.

திருப்பலியன்று பனிப்புயல். வந்தது எழுபது பேர்தான். பாதர் ஊதாரி மைந்தனைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். நல்ல பிரசங்கம், சிலர் அழுதார்கள். பிறகு மண்டபத்தில் குடும்பத்தின் சார்பில் நன்றியுரை சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தேன். காலையிலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், ஒரே ஒரு வசனம். முன்வரிசையில் சித்தப்பா தலையாட்டிக்கொண்டு இருந்தார். பாதருக்கு நன்றி சொன்னேன். பாடகர் குழுவுக்குச் சொன்னேன். சாப்பாடு செய்தவர்களுக்குச் சொன்னேன். புயலிலும் வந்தவர்களுக்குச் சொன்னேன். பிறகு “எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்கோ” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

அப்படித்தான் நடந்தது. உனக்கு நல்லதாய் மாற்றி எழுத ஏலாது.

வராதவர்களுக்கு மலரைத் தபாலில் அனுப்பும் வேலையைச் சித்தப்பா என்னிடம் தந்தார். விலாசம் எல்லாம் என்னிடம்தான். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. சாப்பாட்டு மேசையில் முதல் புத்தகத்தை விரித்து, அந்தப் பந்தியைப் பேனாவால் வெட்டினேன். பக்கத்தில் எழுதினேன்: ‘இது பொய். அன்று ஜஸ்ரினின் போனிலிருந்து மரியோ அண்ணாவைக் கூப்பிட்டது நான். ஜஸ்ரின் ஒன்றும் செய்யவில்லை. இதை அப்பாவிடம் மறைத்தேன். வேரோனிக்கா.’ எழுதி முடிந்ததும் மூடி வைத்தேன். அடுத்ததை எடுத்தேன்.

பன்னிரண்டு நாளாயிற்று. ஸ்டெபனி வந்து என்ன செய்கிறேன் என்று கேட்டாள். முழுவதையும் சொன்னேன். “அம்மா, அண்ட் ஹீ ஜஸ்ட் லெஃப்ட்?” என்றாள், மாமா அப்படியே போய்விட்டாரா என்று. பிறகு கதவைப் பூட்டிக்கொண்டாள். இரண்டு நாள் என் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து தபால் உறைகளில் விலாசம் எழுதினாள். இன்னும் கதைக்கவில்லை. ஜூலியஸ் தன் பெயரையும் கீழே போடச் சொன்னார், போட்டேன். பாரிஸ், லண்டன், பேசாலை, மொன்றியல் எல்லாம் போய்விட்டது. அன்றைக்குக் கையோடு கொண்டுபோன எழுபது பேருக்கும் திருத்திய புத்தகம் இன்னொன்று போகிறது.

சித்தப்பாவுக்குத் தபாலில் போடவில்லை. அவருடைய வீட்டுக்குப் போய் நானே கையில் கொடுத்தேன். வாயால் சொல்ல வரவில்லை, பக்கத்தைத் திறந்து நீட்டினேன். வாசலிலேயே நின்று வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். பிறகு, “இது அண்ணைக்கு, உன்ரை அப்பாவுக்குத் தெரியுமோ பிள்ளை?” என்றார்.

“இல்லை” என்றேன்.

“ஒருக்காலும் சொல்லேல்லையோ?”

“இல்லை.”

அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

நீ இனி யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை, ஜஸ்ரின். மன்னார் தொடக்கம் மொன்றியல் வரை எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர் ஒருவர்தான். ஏழு வருடம் நாளுக்கு மூன்று வேளை அவருடைய வாய்க்குப் பக்கத்தில் என் கை இருந்தது. அவர் உன்னைக் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டே போனார். அதை இனி யாராலும் மாற்ற முடியாது, என்னாலும் முடியாது. அப்பாவுக்கு உண்மை தெரியவேண்டும், உனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும்.

அக்கா